இழந்ததும் பறித்ததும்

காவிரி பாயும் நாட்டில் நிலத்தை நம்பி வாழ்பவர்க்கு ‘ஜப்தி’ என்னும் சொல்லின் பொருளை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடனுக்கோ வரிப் பாக்கிக்கோ அமீனா வாசலில் வந்து நிற்பதும், தமுக்கடித்து ஏலம் கூறுவதும் நம் பாட்டனார் காலத்துக் கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை. ஆயினும் ஜப்தி வேறு, பறிமுதல் வேறு. ஜப்தியான நிலம் இன்னும் உடையவனுடையதே. பாக்கியைச் செலுத்தினால் கட்டு அவிழும். ஏலத்தில் போனாலும் கடன் போக மிஞ்சிய தொகை அவனையே சேரும். பறிமுதலில் மிச்சம் திரும்புவதில்லை. அங்கே சொத்து எந்தக் கடனுக்கும் ஈடாகப் போகவில்லை. உடையவன் செய்த ஒரு குற்றத்துக்காக, அதன்மேல் அவனுக்கிருந்த உரிமையே அறுந்து போகிறது.

இதைக் குறிக்க மேலைநாட்டுச் சட்டங்கள் ஆளும் சொல் இடைக்கால இலத்தீனிலிருந்து வந்தது. ‘ஃபோரிஸ்’ என்றால் வெளியே. ‘ஃபாச்செரே’ என்றால் செய்தல். வரம்புக்கு வெளியே சென்று ஒன்றைச் செய்வது என்பதே அதன் முதற்பொருள். அதாவது அச்சொல் முதலில் குற்றத்தைக் குறித்தது. பிறகுதான் குற்றத்தால் நேரும் இழப்பைக் குறிக்கலாயிற்று. நம் தமிழ்ச் சொல்லோ வேறோர் இடத்தில் நின்று பார்க்கிறது. பறி என்றும் முதல் என்றும் பிரித்துப் பார்த்தால், எடுத்தவன் கை மட்டுமே தெரிகிறது. இழந்தவன் குற்றவாளியா நிரபராதியா என்பதைப் பற்றி அச்சொல் வாய் திறப்பதில்லை. ஒன்று இழந்தவனை நோக்குகிறது. மற்றொன்று பறித்தவனை நோக்குகிறது. தஞ்சை மண்ணின் வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரு பார்வைகளையும் அருகருகே வைத்துக்கொள்வது நமக்குப் பயன்படும்.

சோழர் காலத்திலிருந்தே தொடங்குவோம். வீராணம் ஏரியின் அருகே, காட்டுமன்னார்கோயிலை ஒட்டியுள்ள உடையார்குடியின் அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவ்வூர் அந்நாளில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடைமைகளைப் பறிக்குமாறு அரசாணை வந்தது. பறிக்கப்பட்ட நிலம் விற்கப்பட்டு, வாங்கியவரால் கோயில் அறத்துக்கு வழங்கப்பட்டது. கொலையாளிகள் யார், தூண்டியவர் யார் என்று நாவலாசிரியர்களும் ஆய்வாளர்களும் ஓயாமல் வாதிடுகின்றனர். நம் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. ஆணை அக்குற்றவாளிகளோடு முடியவில்லை. பெற்றோர் வழியினர், மணவழியினர், மக்கள் என உறவு வட்டம் முழுவதையும் அது தழுவியது. கொலையில் பங்கே இல்லாத பெண்களும் பிள்ளைகளும் நிலமிழந்தனர்.

இதை அந்தக் காலத்துக் கொடுமை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. இங்கிலாந்தில் இராசத்துரோகக் குற்றம் உறுதியானவனின் ‘இரத்தமே கெட்டது’ என்று சட்டம் கருதியது. அவன் வழியாக எவரும் எதையும் மரபுரிமையாகப் பெற முடியாது. துரோகத்துக்கும் பெருங்குற்றத்துக்கும் சொத்தைப் பறிக்கும் அந்த முறை அங்கே 1870ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் ஒழிந்தது. 1787இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு சற்று முன்னதாகவே, துரோகியின் வாழ்நாளுக்கு அப்பால் அப்பறிமுதல் செல்லாது என்று வரம்பு கட்டியது. தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் உரைத்தது இவை எல்லாவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. சட்டம் அங்கு வந்து சேர நெடுநாள் பிடித்தது.

அதே இராசராசன் காலத்தில் இன்னொரு வகை உரிமையிழப்பையும் காண்கிறோம். செய்யாற்றுப் பகுதியிலுள்ள உக்கல் என்னும் ஊரில், அவனது 24ஆம் ஆட்சியாண்டு ஆணை கல்லில் உள்ளது. இரண்டு ஆண்டுகள் முழுமையாக வரி செலுத்தத் தவறியவர்களின் நிலத்தை ஊரார் எடுத்து விற்கலாம் என்பது அதன் சாரம். கடுமையான விதிதான். ஆனாலும் உடையார்குடி ஆணையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். இங்கே தவறு எது என்று முன்னரே சொல்லப்பட்டிருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, தவறியவன் மட்டுமே இழக்கிறான். சட்டம் என்று நாம் மதிக்கும் பொருளின் உருவம் இங்கே ஓரளவு தென்படுகிறது.

அரசன் விரும்பியதைக் குற்றமாக்கியே பறிக்கலாம் என்பதற்கு நம் மக்கள் நன்கறிந்த கதை நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ஆகாபு விலைக்குக் கேட்டான். நாபோத்து மூதாதையர் சொத்தை விற்க மறுத்தான். ஈசபேல் பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று தீர்ப்பு வாங்கி, அவனைக் கல்லால் எறிந்து கொல்லச் செய்தாள். உடனே தோட்டம் அரசனைச் சேர்ந்தது. அரசனைப் பழித்தவனின் உடைமை அரசனுக்கே என்ற வழக்கம் அங்கு இருந்திருக்கலாம் என விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர். ஆகாபு தோட்டத்தை வெறுமனே பிடுங்கிக்கொள்ளவில்லை என்பதையும், விசாரணை, சாட்சி, தீர்ப்பு என்று சட்டத்தின் சடங்குகள் எல்லாமே நடந்தன என்பதையும் மறையுரைகளில் நாம் போதிய அளவு சொல்வதில்லை.

இனி தஞ்சை அரண்மனைக்கு வருவோம். அங்கே பொய்ச்சாட்சி தேவைப்படவில்லை, குற்றச்சாட்டே தேவைப்படவில்லை.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும் அவரிடம் இருந்தன. ஆண்டுக்கு ஓர் இலட்சம் நட்சத்திர வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு உரியவை. 1832இல் அவர் மறைந்தபின் மகன் சிவாஜி பட்டமேறினார். சிவாஜி 1855ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஆண்வாரிசின்றி இறந்தார். மனைவியர் பலரும், பெண்மக்கள் இருவரும் எஞ்சினர்.

டல்ஹௌசி பிரபுவின் காலம் அது. ஆண்வாரிசற்ற சுதேச அரசுகளைக் கும்பினி ஆட்சியோடு சேர்த்துக்கொள்ளும் ‘அவகாசியிலிக் கொள்கை’ சதாரா, நாகபுரி, ஜான்சி என்று ஒவ்வோர் அரசாக விழுங்கிக்கொண்டிருந்தது. தஞ்சையில் மகளுக்கு உரிமை உண்டு என்ற வாதம் எழுந்தது, செல்லவில்லை. 1737-38இல் சுஜான்பாய் என்னும் அரசி இதே தஞ்சையை ஆண்டிருந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை போலும்! தஞ்சை மன்னர் என்னும் பட்டமே முடிந்தது என இலண்டனில் கும்பினி இயக்குநர்கள் முடிவு செய்தனர்.

பட்டம் போனது ஒரு பக்கம். அரண்மனைக்குள் இருந்தவை? நகைகள், ரொக்கம், ஆயுதங்கள், நூல்கள், மன்னர் குடும்பத்தின் தனிநிலங்கள்? 1856 அக்டோபர் 18ஆம் நாள் கும்பினியின் ஆணையர் ஃபோர்ப்ஸ் படைவீரருடன் அரண்மனைக்குள் நுழைந்து அனைத்தையும் கைப்பற்றி முத்திரையிட்டார். அரசுரிமை எது, குடும்பத்தின் தனிச்சொத்து எது என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மூத்த அரசி காமாட்சிபாய் சாகேபா சும்மா இருக்கவில்லை. அப்போது சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். இந்து சட்டப்படி கணவரின் தனிச்சொத்துக்குத் தாமே வாரிசு என்பது அவர் வாதம். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கணவனை இழந்த ஒரு பெண், கும்பினி அரசை அதன் சொந்த நீதிமன்றத்திலேயே வென்றார் என்பது சிறிய செய்தியன்று.

கும்பினி இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது. 1859 ஜூலையில் கிங்ஸ்டௌன் பிரபு தீர்ப்பை வாசித்தார். சட்டக்கல்லூரிகளில் அது இன்றும் படிக்கப்படுகிறது. தஞ்சை அரசும் கும்பினி அரசும் தம்முள் இறையாண்மையுடைய அரசுகளாக நடந்துகொண்டவை. ஓர் அரசு மற்றோர் அரசின்மேல் அதிகாரத்தால் செய்த ‘அரசுச் செயல்’ இது. சரியோ தவறோ, நீதியோ அநீதியோ, உள்நாட்டு நீதிமன்றம் எதுவும் அதை விசாரித்துப் பரிகாரம் தர இயலாது என்பது அதன் சாரம். சென்னைத் தீர்ப்பு தள்ளப்பட்டது.

ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அரசி தவறு செய்தார் என்று தீர்ப்பு கூறவில்லை. அவருக்கு உரிமை இல்லை என்றும் கூறவில்லை. கும்பினி செய்தது நியாயம் என்றுகூடக் கூறவில்லை. அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்காதே என்று மட்டுமே கூறியது. இலத்தீன் சொல் தேடும் வரம்புமீறல் இங்கே இழந்தவர் பக்கம் துளியும் இல்லை. பிள்ளையில்லாமல் இறப்பது குற்றமாகாது. ஆகவே சட்டநூலார் இதை உரிமையிழப்பு என்று அழைப்பதில்லை. வேறு பெயரிட்டு வேறு அத்தியாயத்தில் வைக்கின்றனர். அது சரியே. பறிமுதல் என்ற நம் நாட்டுச் சொல்தான் அன்று அரண்மனையில் நடந்ததற்குப் பொருந்துகிறது.

1862 ஆகஸ்டில் அரசு மனமிரங்கி, தனிச்சொத்தை அரசியருக்குத் திருப்பித் தந்தது. மூத்தவர் மேற்பார்க்க, எஞ்சியவர் அனுபவிக்க, அனைவரும் மறைந்தபின் மகளுக்கோ அடுத்த வாரிசுக்கோ சேர வேண்டும் என்று ஏற்பாடு. அதன் பிறகு அரசியர் தமக்குள் வழக்காட, அது 1868இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. மரபுரிமையாக வர வேண்டியது அரசின் கொடையாக வந்தது. பொருள் அதுவே, ஆனால் கை நீட்டிப் பெறுவதற்கும் உரிமையாய் எடுப்பதற்கும் உள்ள தொலைவைக் காமாட்சிபாய் நன்கு உணர்ந்திருப்பார். சரபோஜி சேர்த்த ஏட்டுச் சுவடிகள் எப்படியோ பிழைத்தன. 1918இல் சரசுவதி மகால் பொதுநூலகமாயிற்று.

இத்தனை செய்த அதே கும்பினி அரசு, டல்ஹௌசியின் காலத்தில், சிவாஜி மன்னர் இறப்பதற்கு ஐந்தே ஆண்டுகள் முன்பு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் அது. சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் என்பது பிற்பாடு வழங்கிய பெயர். அதுவரை, சமயம் மாறியவனுக்கும் சாதியை விட்டு நீக்கப்பட்டவனுக்கும் குடும்பச் சொத்தில் பங்கில்லை என்பது வழக்கமும் சாத்திரமும் ஒப்பிய நெறி. திருமுழுக்குப் பெற்றவன் தன் தந்தையின் நிலத்தை இழந்தான். 1832இலேயே வங்காள மாகாணத்தில் இதற்கு ஓரளவு தடை வந்தது. நம் சென்னை மாகாணத்துக்கு அது எட்டவில்லை. 1850இன் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. சமயத்தைத் துறந்ததாலோ, அதன் கூட்டுறவிலிருந்து விலக்கப்பட்டதாலோ, சாதியிழந்ததாலோ ஒருவரின் உரிமைகளும் சொத்தும் பறிபோகும் என்றும், வாரிசுரிமை கெடும் என்றும் சொல்லும் எந்த விதியும் வழக்கமும் இனி நீதிமன்றத்தில் சட்டமாகாது என்று அது விதித்தது. நீளத்தில் சிறியது, ஏறக்குறைய ஒற்றை வாக்கியம். அதன் பயன் கிறித்தவருக்கு மட்டும் உரியதன்று. எந்தக் காரணத்தால் சாதி விலக்கம் பெற்றவரும் அதன் நிழலில் நிற்க முடிந்தது.

சென்னையிலும் வங்காளத்திலும் இந்துப் பெருமக்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் பக்க நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். அவர்கள் பார்வையில் குடும்பச் சொத்து தனியொருவனின் பொருளன்று. இறந்தோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் கடமையோடு பிணைந்தது. கடமையைச் செய்ய இயலாதவன் சொத்தை மட்டும் எப்படிக் கேட்பான் என்றனர். அக்கேள்வி வெறும் வெறுப்பிலிருந்து எழுந்ததன்று. மதமாற்றத்துக்குக் கும்பினி கூலி கொடுக்கிறது என்ற ஐயமும் சேர்ந்தது. பங்கு கிடைக்கும் என்று சமயம் மாறியவர் ஒருவரும் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆயினும் மனச்சான்றின்படி நடந்ததற்குத் தண்டமாக ஒருவனின் சோற்றைப் பறிப்பது எந்தச் சமயத்துக்கும் பெருமையாகாது. நம்மவர் மறந்துவிடக் கூடாத ஒன்றும் உண்டு. 1704இல் அயர்லாந்தில் இயற்றப்பட்ட சட்டம், கத்தோலிக்கராய் நீடிக்கும் குடும்பத்தின் நிலத்தைப் பிள்ளைகளுக்குள் துண்டுபோட வைத்து, மூத்த மகன் அரசாங்கச் சபையில் சேர்ந்தால் முழுதும் அவனுக்கே என்றது. கிறித்தவரே கிறித்தவருக்குச் செய்தது அது.

இச்சட்டங்களும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருக்க, இழந்தவனுக்குத் தான் எதனால் இழந்தேன் என்றே தெரியாத நிலை. அக்காலத்தில் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயவரத்திலும் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1860களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அவரை முதல் தமிழ் நாவலின் ஆசிரியராக மட்டும் நம் பள்ளிகள் நினைவுகூர்கின்றன. எமக்கோ இந்த நூலே அவருடைய பெரிய அறச்செயலாகத் தோன்றுகிறது. முன்கூட்டி அறிவிக்கப்படாத விதியால் ஒருவனைத் தண்டிக்கலாகாது என்றால், அவனுக்குப் புரியாத மொழியில் அறிவிப்பதும் அறிவிப்பாகாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் தன் 221ஆம் விதியில், சட்ட நெறிப்படியன்றித் தண்டனை பெறாதிருக்கும் உரிமை இறைமக்களுக்கு உண்டு என்று கூறுகிறது.

ஒரு கையால் கொடுத்ததைச் சட்டம் மறுகையால் எடுப்பதும் உண்டு. அரண்மனை முத்திரையிடப்பட்ட அதே 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. போற்றத்தக்க சீர்திருத்தம். ஆனால் அதன் 2ஆம் பிரிவு, மறுமணம் செய்பவள் முதற்கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை, அன்றே இறந்துவிட்டவள் போல, இழப்பாள் என்றது. வாழப் புறப்பட்டவளைச் சட்டம் இறந்தவளாக எழுதிக்கொண்டது! அச்சட்டம் 1983இல்தான் நீக்கப்பட்டது. சமயம் மாறியவர் நிலையும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மாறியவரின் பங்கைத் தொடவில்லை. ஆனால் மாற்றத்துக்குப் பின் பிறந்த அவர் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் வேளையில் இந்துக்களாய் இல்லாவிடில், இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று 26ஆம் பிரிவில் கூறுகிறது.

வயல்வெளியிலோ சட்டம் மெல்ல இரங்கக் கற்றது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே, வாடகை தவறிய குத்தகைதாரர் பாக்கியையும் செலவையும் செலுத்தினால் உரிமையிழப்பிலிருந்து விடுவிக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு இடம் தந்தது. ஆயினும் வேளாண்மைக் குத்தகை அப்போது அச்சட்டத்துக்கு வெளியே நின்றது. தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955இல் மாநிலம் முழுமைக்கும் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. நெல் பொய்த்த ஆண்டில் குத்தகை நின்றவனை மறுநாளே வெளியேற்ற முடியாமல் தவணை கொடுக்கும் வழி பிறந்தது. பண்ணையை விட்டால் குடிசை இருந்த மனையும் போய்விடும் என்ற அச்சத்தை 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் போக்க முயன்றது.

நம் மக்களில் பெரும்பாலோரை இன்றும் நேரடியாகத் தொடும் செய்தி ஒன்று எஞ்சுகிறது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைச் சார்ந்த எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஒரே தெருவில் பிறந்த இரு உடன்பிறந்தாரில், திருமுழுக்குப் பெற்றவர் தனித்தொகுதியில் நிற்க முடியாது.

இது உரிமையிழப்பா? இல்லை என்கிறது அரசுத் தரப்பு. இது தண்டனையன்று, குற்றமும் இல்லை. குறிப்பிட்ட சமூக நிலைக்கென வகுத்த சலுகை, அந்நிலை மாறியவருக்கு நீள்வதில்லை, அவ்வளவே. நீதிமன்றங்களும் இதற்கு ஓர் அழகிய உவமை கண்டன. கைலாஷ் சோன்கர் வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம், சமயம் மாறியவரின் சாதி அழிவதில்லை, கிரகணத்தில் மறைந்திருக்கிறது. பழைய சமயத்துக்குத் திரும்பி அச்சமூகம் ஏற்றால் மீண்டும் வெளிப்படும் என்ற கருத்தை எடுத்தாண்டது. திரும்பினால் கிடைக்கும், மாறினால் மறையும் என்றால், அது சமயத்தோடு கட்டப்பட்ட இழப்பு என்றே எமக்குப் படுகிறது. 1850ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது சொத்துரிமை பற்றியது. இது வேறு வகை உரிமை. ஆனால் இரண்டிலும் காரணம் ஒன்றே.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்த கிறித்தவர் ஒருவர், இந்துத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகத் தந்த கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்னும் அவ்வழக்கு 1985இல் முடிந்தது. சமயம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. அதன் கொடுமையும் புதிய சமயச் சூழலில் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குரிய சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த 3ஆம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதே கேள்வியை ஆராய நீதியரசர் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

நீதிமன்றம் கேட்ட சான்றுகளுக்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் நிலவுவதை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. சுவரின் இரு பக்கமும் நடப்பட்டிருப்பது சிலுவைதான்.